இறங்கச் சொல்லும் வரை

கோடங்கிப்புலத்தில் புயலுக்கு மரங்கள் விழுந்தன, நிழல்கள் விழவில்லை.

இதைப் பெரிய அதிசயமாக அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. கார்த்திகையில் ஒரு ராத்திரி கடல் பக்கமிருந்து வந்த காற்று, ஊரைச் சுற்றியிருந்த தோப்புகளை இடுப்பளவில் முறித்துப் போட்டுவிட்டு விடிவதற்குள் மேற்கே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்த சனங்கள் வெளியே வந்து முதலில் பார்த்தது வானத்தைத்தான், ஏனென்றால் அவ்வளவு வானம் அந்த ஊரில் அதுவரை இருந்ததில்லை. பிறகு மேகம் விலகி வெயில் அடித்தபோது, மொட்டையாக நின்ற ஒவ்வொரு தூருக்கும் பக்கத்தில் ஒரு முழுத் தென்னையின் நிழல், மட்டையும் பாளையும் குலையுமாக, காற்றுக்கு அசைந்துகொண்டு தரையில் கிடந்தது. மரம் விழுந்து கிடந்த இடம் ஒன்று, நிழல் கிடந்த இடம் வேறொன்று. வீடு போனவர்கள், ஆடு போனவர்கள், படகு போனவர்கள் எல்லோரும் போய் அந்த நிழல்களில் உட்கார்ந்தார்கள். வேறு எங்கே உட்காருவது?

ஒரு வாரத்துக்குள் ஊர் அந்த நிழலோடு பழகிக்கொண்டது. முடி வெட்டுகிறவர் தன் நாற்காலியை வழக்கமான மரத்தின் நிழலிலேயே போட்டார். மாடுகள் பழைய இடத்திலேயே அசை போட்டன. நிழலுக்குள் அவ்வப்போது தேங்காய் விழும் சத்தம் மட்டும் கேட்கும், தொப்பென்று, காயே இல்லாமல். அதனால் பாளைக்கு நேர் கீழே யாரும் பிள்ளையைப் படுக்கப் போடவில்லை. விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர் வெயில் தாங்காமல் ஒரு நிழலில் ஒதுங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிழல் இருக்கும்போது மரம் இல்லை என்று தான் எப்படி எழுதுவது, மேலே கேட்டால் என்ன சொல்வது என்று வெகுநேரம் யோசித்தார். யோசித்த நேரமெல்லாம் அவர் அந்த நிழலில்தான் நின்றார். கடைசியில் எழுதினார், தோப்புக்காரர்களுக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் வந்தது. அந்த மரங்களில் ஏறினவர்களுக்கும், காய் உரித்தவர்களுக்கும், கீற்று முடைந்தவர்களுக்கும் எதுவும் வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குச் சொந்தமாக மரம் இல்லை, மரம் இல்லாதவர்களுக்கு நட்டம் எப்படி வரும் என்று சட்டம் கேட்டது.

அப்படிச் சட்டத்தின் கண்ணில் எதையும் இழக்காதவர்களில் ஒருத்தி தையல்நாயகி. கீற்று முடைகிறவள். அவள் புருசன் அமிர்தலிங்கம் மரம் ஏறுகிறவன். புயல் ராத்திரிக்குப் பிறகு அவனைக் காணவில்லை, உடம்பு எங்கேயும் கிடைக்கவில்லை, ஆனால் அவன் நிழல் மட்டும் ரோட்டோரத்தில் முறிந்த ஒற்றைத் தென்னையின் நிழலில், மட்டைக் கொண்டைக்குக் கீழே, இரண்டு காலையும் மரத்தில் பின்னி, அரிவாள் பிடித்த கையை ஓங்கினபடி இருந்தது.

அந்த ஒற்றை மரம் மாசிலாமணியுடையது. மேற்கே மாசிலாமணியின் மெத்தை வீடு, கிழக்கே தார் ரோடு, வடக்கே தையல்நாயகியின் குடிசை. அதனால் அமிர்தலிங்கத்தின் நாளும் அப்படியே பிரிந்து கிடந்தது. காலையில் சூரியன் கிழக்கே ஏறும்போது அவன் நிழல் மாசிலாமணியின் மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்கும். உச்சியில் வடக்கே சாய்ந்து, தையல்நாயகியின் அடுப்படிக்கு வரும். சாயங்காலம் கிழக்கே நீண்டு ரோட்டின் குறுக்கே விழும். உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான் இருந்தான்: காலையில் தோப்புக்காரருக்கு, மத்தியானம் கஞ்சிக்கு வீட்டுக்கு, சாயங்காலம் ரோட்டுக்கு.

அவன் நிழல் பேசாது. ஆனால் சும்மாவும் இருக்காது. காற்று அடித்தால் கழுத்தைக் கொண்டைக்குள் இழுத்துக்கொள்ளும். சில சமயம் அரிவாளை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றும். அடிக்கடி குனிந்து கீழே பார்க்கும். எதற்காகப் பார்க்கிறான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கோடங்கிப்புலத்தில் மரம் ஏறுகிறவன் தானாக இறங்குவதில்லை. யார் ஏறச் சொன்னாரோ அவர் கீழே நின்று, போதும், இறங்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினவனுக்கு அடுத்த பறிப்பில் வேலை இல்லை. இந்தப் பழக்கம் யார் வைத்தது என்று தெரியாது, யாருக்கு லாபம் என்று மட்டும் தெரியும். தோழர் வைரக்கண்ணு, துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றுக்கொண்ட பழைய சங்கத்துக்காரர், சிறைக்குப் போய், அடி வாங்கி, ஏறு கூலியை உயர்த்தினார், பெண்களுக்கு உரிகூலி வாங்கிக் கொடுத்தார், விழுந்து செத்தவன் குடும்பத்துக்கு நெல் வாங்கிக் கொடுத்தார். இறங்கச் சொல்லும் அந்த ஒரு சொல் யார் வாயில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தக் கோரிக்கையிலும் எழுத அவருக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவில்லை. அது காற்றைப் போல எப்போதும் இருந்தது. காற்றை எதிர்த்து யார் கோரிக்கை வைப்பார்கள்?

புயலுக்கு முன்னால் வானொலியில், தென்னையின் கீழ் மட்டைகளையும் முற்றின குலைகளையும் கழித்துவிட்டால் மரம் காற்றுக்குத் தப்பும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்றைக்குப் பிற்பகல் மாசிலாமணி தையல்நாயகியின் வாசலுக்கே வந்து அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கழிக்கக் கழிக்க அடுத்த மரம், அடுத்த மரம் என்று காட்டிக்கொண்டே போய், கடைசியில் ரோட்டோரத்து மரத்தில் அவனை ஏற்றினார். அதற்குள் காற்று திரும்பிவிட்டது. தையல்நாயகியை மற்ற பெண்களோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அவன் பின்னாலேயே வந்துவிடுவான் என்றுதான் அவளும் போனாள். மாசிலாமணி மெத்தை வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டார். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை.

அவன் நிழலைப் பார்த்த மறுநாளே, மாசிலாமணி போலீஸ்காரரிடம் ஒரு விசயம் சொன்னார். நான் அவனை ஏறச் சொல்லவில்லை, புயல் நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று காய் திருட ஏறியிருப்பான் என்றார். காய் திருடுகிறவன் மட்டை கழிப்பானா என்று வைரக்கண்ணு கேட்டதற்கு, நிழலையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். உடம்பு கிடைக்காததால் சாவு இல்லை. சாவு இல்லாததால் உதவி இல்லை. மிச்சம் இருந்தது திருடன் என்ற பேர் ஒன்றுதான்.

முதல் வாரத்தில் ஊரே கூடி அந்த மரத்தடியில் நின்று அவனைக் கூப்பிட்டது. அண்ணே இறங்கு, மாமா இறங்கு, அமிர்தலிங்கம் போதும்டா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நிழல் அசையவில்லை. ஏறச் சொன்னவர் குரல் அதில் இல்லை. சிலர் மாசிலாமணியிடம் போய், ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கய்யா, அது பாட்டுக்கு இறங்கிப் போயிடும் என்று கெஞ்சினார்கள். ஏறச் சொல்லாதவன் இறங்கச் சொல்வது எப்படி என்று அவர் கேட்டார். காலையில் கொட்டகைச் சுவரில் அவன் தொங்கும் நேரத்தில் மட்டும் அவர் பால் கறக்க வரமாட்டார், ஆளை அனுப்பிவிடுவார்.

அன்றைக்குத் தையல்நாயகி மட்டும் கூப்பிடவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். வேறொருவர் சொல்லுக்கு ஏறினவன் தன் சொல்லுக்கு இறங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இறங்கிவிட்டால் அதற்கப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அவன் பேரைக் கழுவ வேண்டும், அவனையும் விடக் கூடாது; இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அவள் கீற்று முடைந்தாள். உச்சிப்பொழுதில் நிழல் அடுப்படிக்கு வந்ததும், அவன் தலை விழும் இடத்தில் கஞ்சிக் கும்பாவை வைப்பாள். கஞ்சி ஆறும். காக்கை வந்து குடிக்கும். காக்கையின் நிழலை அவன் நிழல் கையை அசைத்து விரட்டும், காக்கை மட்டும் போகாது.

பிறகு லாரிகள் வந்தன. எந்தெந்த ஊரிலிருந்தோ, வண்டியை விடப் பெரிய பதாகையைக் கட்டிக்கொண்டு வந்தன. ரொட்டி வந்தது, ஊரே ரொட்டி தின்று வயிறு உப்பின பிறகும் ரொட்டியே வந்தது. தண்ணீர்ப் பாட்டில் வந்தது. மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்தது: கிழிந்த உள்பாவாடை, ஜிப் போன கால்சட்டை, உப்புக்காற்று வீசும் ஊருக்கு மலைநாட்டு ஸ்வெட்டர். சனங்கள் அவற்றை ரோட்டோரத்தில் குவித்தார்கள், மழை அவற்றை நனைத்தது, ஊருக்கு ஒரு புது நாற்றம் கிடைத்தது. கொடுக்கிறவர்கள் வண்டியின் மேலேயே நின்றார்கள், வாங்குகிறவர்கள் கீழே நின்று கையைத் தூக்கினார்கள், நடுவில் ஒருவர் அதைப் படம் பிடித்தார். வைரக்கண்ணு முச்சந்தியில் விழுந்து கிடந்த ஒரு கதவை நிமிர்த்தி வைத்து, சுண்ணாம்பால் எழுதினார்.

“பழைய துணி வேண்டாம். ரம்பம் வேண்டும். ரம்பம் பிடிக்கிறவர்களுக்குக் கூலி வேண்டும். இன்று வந்தவர்கள் சித்திரையிலும் வாருங்கள், அன்றைக்கும் எங்களுக்குப் பசிக்கும். கொடுக்க வருகிறவர்கள் முதலில் வண்டியை விட்டு இறங்குங்கள்.”

பல வண்டிகள் அந்தக் கதவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயின.

சாயங்காலங்களில் தையல்நாயகிக்கு வேறு ஒரு வேலை இருந்தது. நிழல் ரோட்டின் குறுக்கே விழும் நேரத்தில் உள்ளூர் வண்டிகள் ஓரமாக மண்ணில் இறங்கிச் சுற்றிப் போகும். வெளியூர் லாரிக்காரர்களுக்கு அது தெரியாது. முதல் லாரி அவன் மேல் ஏறிப் போனபோது நிழலுக்கு ஒன்றும் ஆகவில்லைதான், ஆனாலும் சக்கரம் நெருங்கும்போது அது முட்டியை வயிற்றோடு மடக்கியதை அவள் பார்த்தாள். அதிலிருந்து தினமும் ரோட்டின் நடுவில் போய்க் கையை நீட்டி லாரிகளை மறித்தாள். கையை நீட்டின பெண்பிள்ளைக்கு லாரிக்காரர்கள் என்ன செய்வார்கள்? மேலிருந்து ரொட்டியை வீசினார்கள். வீசிவிட்டு அவனுக்கு மேலேயே ஓட்டிப் போனார்கள்.

கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரியும் அப்படித்தான் வீசியது. வீசினவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன், பம்ப் பட்டறைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டின கனத்த மனிதர். பின்னால் ஒரு லாரி நிறைய ஸ்வெட்டர். தையல்நாயகி அந்த ரொட்டியைப் பிடித்துத் திருப்பி எறிந்தாள், அது சென்னியப்பனின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. டிரைவர் சிரித்தார். சென்னியப்பன் கோபமாகக் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார். அத்தனை நாளில் அந்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கிய முதல் ஆள் அவர்தான். அதுவும் சண்டை போட.

“ஏனுங்கம்மணி, வேணுமின்னா வாங்கிக்கோணும், வேண்டாமின்னா வழிய விடோணும். மறிச்சும் நிக்கிறீங்க, விட்டும் எறியிறீங்க. உங்களுக்கு என்னதானுங்க வேணும்?”

“என் வூட்டுக்காரரு குறுக்க கெடக்காரு. சுத்திப் போவச் சொல்லு.”

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்தார். மரம் இல்லாத இடத்தில் மரத்தின் நிழலையும், ஆள் இல்லாத இடத்தில் ஆளின் நிழலையும், அது தன்னை நிமிர்ந்து பார்ப்பதையும் பார்த்தார். இது எப்படி என்று அவர் கேட்கவில்லை. ஓரத்தில் சேறாக இருக்கிறது, பாரவண்டி புதைந்துவிடும் என்று டிரைவர் முனகினார். அப்படியானால் பொழுது சாயட்டும், நிழல் போனபிறகு போவோம் என்று சொல்லி, சென்னியப்பன் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும் வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தார், தையல்நாயகியும் நின்றாள். அவர் பட்டறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஸ்வெட்டரைப் பற்றியும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்: இறங்கச் சொல்லும் சொல், தாழ் போட்ட கதவு, திருடன் என்ற பேர்.

இருட்டின பிறகு வைரக்கண்ணு வந்தார். லாரியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, ஸ்வெட்டர் என்று தெரிந்ததும், கடலுக்குக் குளிர் எடுத்தால் போர்த்திவிடலாம் என்றார். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த லாரி பாரத்தை இறக்காமலே திரும்பிப் போனது. கோடங்கிப்புலத்துக்கு வந்த உதவிகளில் முதல் நல்ல உதவி அதுதான் என்று வைரக்கண்ணு பின்னாளில் சொல்லுவார்.

ஒரு மாதம் கழித்து, தைப்பொங்கலுக்குள் மற்ற லாரிகள் எல்லாம் நின்றுபோய், பத்திரிகைகளில் வேறு ஊர்ச் செய்திகள் வரத் தொடங்கின பிறகு, சென்னியப்பன் பஸ்ஸில் வந்தார், வெறுங்கையோடு. முடைகிற பெண்களை ஒரு நிழலில் உட்காரவைத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். விதைத் தேங்காய் வாங்கிக் கொடுத்தால் நாங்கள் நாற்றங்கால் போடுகிறோம், தினக்கூலி கொடுத்தால் வாய்க்கால் தூர்வாருகிறோம், நாற்றுக்கு நிழல் வேண்டும், நிழல்தான் இங்கே கொட்டிக் கிடக்கிறதே என்றார்கள். அப்படித்தான் இல்லாத தென்னைகளின் நிழலில் இனி வரப்போகும் தென்னைகள் முளைக்கத் தொடங்கின. மண்ணில் பாதி புதைந்த காய்களின் வரிசைகளுக்கு மேலே பழைய மட்டைகளின் நிழல் அசைய, பெண்கள் குடத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். தை போய் மாசி வந்தது, சென்னியப்பனும் வந்தார். பங்குனியிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் பதாகை இல்லாமல்தான் வந்தார், சில சமயம் சொன்னதை மறந்துவிட்டு வேறு எதையோ வாங்கிக்கொண்டு வந்து பெண்களிடம் திட்டும் வாங்கினார்.

இதற்கிடையில் தையல்நாயகி ஒன்றைக் கவனித்தாள். சூரியன் வடக்கே நகர நகர உச்சிப்பொழுதின் நிழல் சுருங்கிக்கொண்டு வந்தது. மாசியில் அவன் அவளுடைய அடுப்படியை விட்டுப் போனான். கஞ்சிக் கும்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பங்குனியில் வாசலையும் விட்டுப் போனான். வேலியைத் தாண்டி, மரத்தின் தூரை நோக்கி, நாளுக்கு ஒரு சாண் என்று அவன் பின்வாங்க, அவளும் முடைகிற கீற்றை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். என்னை விட்டுப் போறியா என்று ஒரு நாள் அவனிடம் கேட்டாள். நிழல் குனிந்து கீழே பார்த்தது. எப்போதும் பார்ப்பது போலத்தான் பார்த்தது, ஆனால் தரை இப்போது அவனுக்கு முன்னைவிடக் கிட்டத்தில் இருந்தது.

நாற்று நட வேண்டுமானால் குழி வெட்ட வேண்டும், குழி வெட்ட வேண்டுமானால் பழைய தூர்களைப் பிடுங்க வேண்டும், அதற்கு மனிதக் கை போதாது. சித்திரையில் பொக்லைன் கொண்டு வருவதாகச் சென்னியப்பன் சொன்னார். ஆனால் இதே போல நிழல் கிடந்த பக்கத்து ஊரில் ஒருவர் முன்பே ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்திருந்தார். வேர் மண்ணை விட்டதும் நிழல், பிழிந்து உதறின ஈரத்துணி காய்வது போல ஓரத்திலிருந்து வெளுத்து இல்லாமல் போனது. நாற்றங்காலுக்கு மேல் இருந்த நிழல்களைக் கடைசியாக எடுப்பது என்று பெண்கள் முடிவு செய்தார்கள், அதற்குள் கீற்றுப் பந்தல் போட்டுவிடலாம். ரோட்டோரத்து மரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மாசிலாமணி திறந்தார். வேலையை ரோட்டோரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அந்த வழியாகத்தான் பொக்லைன் தோப்புக்குள் போக முடியும் என்றார். அது உண்மைதான். மேற்கே அவர் வீடு, தெற்கே வாய்க்கால், வடக்கே குடிசைகள். அவருடைய தோப்புத் தூர்களை எடுக்க ஒத்துக்கொண்டதற்கு வைரக்கண்ணு ஒரு விலை வைத்திருந்தார்: தென்னை காய்க்கும் வரைக்கும் நாற்றுகளுக்கு நடுவில் இருக்கும் நிலத்தில் கூலிக்காரர்கள் கடலை போட்டுக்கொள்வார்கள், விளைச்சல் அவர்களுக்கே. தரிசாகக் கிடப்பதற்கு அது மேல் என்று மாசிலாமணி ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டிருந்தார். இனி அவருக்குக் காலையில் சுவரில் தொங்கும் அந்த நிழல் ஒழிந்தால் போதும்.

சித்திரை பிறந்த சில நாளில், சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் ஒரு பகலில், பொக்லைன் வந்து ரோட்டோரத்தில் நின்றது. ஊரே கூடிவிட்டது. நிழல் அன்றைக்குக் காலையிலிருந்தே சுருங்கிச் சுருங்கி, மாட்டுக்கொட்டகையை விட்டு, வேலியை விட்டு, தூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. தையல்நாயகி தூரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் வண்டியோட்டியிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தார்.

“அம்மணி, நீங்க சரீன்னு சொல்ற வரைக்கும் இந்த வண்டி நகராதுங்க. வேண்டாமின்னா, இப்படியே திருப்பிக் கொண்டுபோயிர்றனுங்க. நாத்துக்கு வேற எடம் பாத்துக்கலாம்.”

ஊர்ப்பெண்கள் அவளைப் பார்த்தார்கள், முளைவிட்ட காய்களின் வரிசையைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவர்களில் ஒருத்திகூடக் குறை சொல்லியிருக்கமாட்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நான் என்ன சொல்றது. மேல ஆளு இருக்கயில மரத்த யாராச்சும் புடுங்குவாங்களா? எறங்கட்டும், அப்புறம் புடுங்குங்க. எறங்கச் சொல்ற வாயி என்னுது இல்ல. ஏத்துனது யாரோ அவுங்க சொல்லட்டும்.”

கூட்டம் மாசிலாமணியைப் பார்த்துத் திரும்பியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டையைப் பிளக்கும் வெயிலில், மரத்துக்கு மேற்கே நின்றார். பேசாமல் இருந்தால் பொக்லைன் திரும்பிப் போகும். தூர்கள் தோப்பிலேயே மக்கும். ஒவ்வொரு காலையும் சுவரில் அவன் தொங்குவான். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வைரக்கண்ணு பீடி பற்றவைத்தார். சென்னியப்பன் பொறுமையாக மைல்கல்லின் மேல் போய் உட்கார்ந்தார், முதல் நாள் உட்கார்ந்தது போலவே. வண்டியோட்டி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சார், கிளம்பவா என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் மாசிலாமணியின் பொறுமையைக் கெடுத்தது. அவர் தூரை நோக்கி எட்டு வைத்து வந்து, வேலைக்காரனை அதட்டும் அதே குரலில், பழக்கத்தில் வருகிற அதே எரிச்சலோடு சொன்னார்.

“அட போதும்டா அமிர்தலிங்கம். நான் சொன்ன மரமெல்லாம் முடிஞ்சுது. எறங்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது கேட்டது. ஊருக்கு அதற்கு முன்பே கேட்டுவிட்டது. நான் சொன்ன மரமெல்லாம் என்று பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் அதைச் சொன்னாள், அப்படியே அது வாய் மாறி வாய் மாறி ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் போனது, அங்கே போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்தது. கொண்டையின் நிழல் தூரைச் சுற்றி வட்டமாகக் குவிந்தது. அன்றைக்கு, அந்தக் கணத்தில், அந்த மரத்துக்கு உயரமே இல்லை. புயல் ராத்திரியில் அவன் இறங்க முடியாத அவ்வளவு உயரமும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அமிர்தலிங்கத்தின் நிழல் குனிந்து கீழே பார்த்தது, அரிவாளை இடுப்பில் செருகியது, ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தது, பிறகு மற்றக் காலை. அவ்வளவுதான். அவன் இறங்கிவிட்டான்.

வைரக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்த பிறகும் அந்தச் சொல்லுக்குத்தானே இறங்கினான் என்று அவர் பீடியிடம் சொன்னார். அது சரிதான் என்பது போல, நிழல் மாசிலாமணிக்கு முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த வேலைக்குக் காத்து நின்றது. எல்லா நாளும் இறங்கினதும் அப்படித்தான் நிற்பான். காயை அள்ளவா, மட்டையை இழுக்கவா என்று. மாசிலாமணி ஓர் அடி பின்னால் போனார். நிழல் ஓர் அடி முன்னால் வந்தது. அவர் வாய் திறந்தது, அதில் சொல் இல்லை. இன்னொரு அடி பின்னால் போனார். இன்னொரு அடி முன்னால் வந்தது. அவர் வீட்டுக் கதவு வரைக்கும், கதவுக்கு உள்ளும், சாகும் வரைக்கும் அது அப்படியே வந்து நிற்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்து நின்றவர்களில் சிலருக்கு அது நடக்கட்டும் என்றுதான் இருந்தது. வைரக்கண்ணுவுக்கும் இருந்தது.

தையல்நாயகி தூரிலிருந்து கையை எடுத்தாள். கார்த்திகையிலிருந்து இறுக்கி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

“வேல முடிஞ்சுது. அங்க என்ன நிக்கிற. வூட்டுக்கு வாய்யா.”

நிழல் திரும்பியது. ஏறச் சொன்னவருடையது அல்லாத ஒரு குரலுக்கு அது திரும்புவதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கட்டின கையை அவிழ்த்து, வெயிலில் காய்ந்த மண்ணின் மேல் நடந்து, அவள் பாதத்துக்குக் கீழே சிறு வட்டமாக இருந்த அவள் நிழலுக்குள் போய், களைத்தவன் பாயில் சாய்வது போலச் சாய்ந்து, அதோடு அதாக ஆனது. அவள் கொஞ்சம் தள்ளாடினாள். பிறகு சென்னியப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பொக்லைன் தூரைப் பிடுங்கியது. நிழல் வெளுத்துப் போனது. அதன் இடத்தில் வெயில் விழுந்தது.

திருடன் என்ற பேர் அன்றைக்கே செத்தது. மற்றதெல்லாம் மெதுவாக, இழுத்து, வைரக்கண்ணு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, பாதி கிடைத்தது, பாதி இன்னும் கிடைக்கவில்லை. ஏறுகிறவன் தனக்குப் போதும் என்று தோன்றும்போது இறங்கலாம் என்பதை அடுத்த கோரிக்கையில் முதல் வரியாக அவர் எழுதினார். ஏற மரம் இல்லாத ஊரில் அதற்குச் சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான் இருப்பார். சென்னியப்பன் ஆடியில் வந்தார், நாற்று நடும்போது. மறுவருசமும் வந்தார், செத்துப்போன நாற்றுகளுக்குப் பதில் நாற்று எடுத்துக்கொண்டு. இப்போதும் வருகிறார்.

தையல்நாயகியின் நிழல் மற்றவர்கள் நிழலை விடக் கருப்பு. இடுப்பில் அரிவாள் செருகியிருக்கும், அவள் இடுப்பில் ஒன்றும் இருக்காது. கோடையில் நாற்றுகள் வாடும் நேரத்தில் பெண்கள் அவளை அழைத்து வரிசைகளுக்கு நடுவில் நடக்கச் சொல்வார்கள். அவள் நடக்கிற வரிசையில் நாற்றுகள் நிமிர்ந்து நிற்கும். சாயங்காலங்களில் சில நாள் அவள் மறதியாக ரோட்டுக்கு வந்து கையை நீட்டுகிறாள். லாரிகள் நிற்கின்றன. என்னம்மா வேணும் என்று டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்கிறார். ரோடு வெறுமையாகக் கிடக்கிறது. ஒண்ணுமில்ல, போ என்கிறாள் அவள், தன் நிழல் சக்கரத்தில் படாமல் ஓரமாக ஒதுங்கி நின்று.